மூன்றாவது ஸ்லைடைத் தாண்டவில்லை: செமினாரில் வந்த ஒரு கேள்வியும் என் பேப்பரும்

அந்திவெயில் (ஆய்வு மாணவி)

அனைவருக்கும் வணக்கம். இத்தனை நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். முதல் தடவையாக ஒரு இழை தொடங்குகிறேன்.

போன வாரம் எங்கள் துறையின் பயன்பாட்டு நுண்பொருளியல் செமினாரில் என் முதல் பேப்பரை வைத்துப் பேசினேன். 75 நிமிட நேரம், 38 ஸ்லைடு. ஆய்வு இதுதான்: மருத்துவரைப் பார்க்க முன்பதிவு செய்துவிட்டு வராமல் போகிறவர்கள் எங்கும் உண்டு. முதல் நாள் மாலை ஒரு நினைவூட்டல் குறுஞ்செய்தி போனால் வருகை கூடுமா? ஒரே நிர்வாகத்தின் கீழ் உள்ள 24 கிளினிக்குகள் இந்தக் குறுஞ்செய்தியை வெவ்வேறு மாதங்களில் தொடங்கின. தொடங்கியவற்றையும் இன்னும் தொடங்காதவற்றையும் முன்னும் பின்னும் வைத்து ஒப்பிட்டேன்.

மூன்றாவது ஸ்லைடில் கிளினிக்குகளின் பட்டியலும் தொடங்கிய மாதமும் இருந்தன. முன்வரிசையில் ஒருவர் கேட்டார்: "முதலில் தொடங்கியவை ஏன் முதலில் தொடங்கின?" நிர்வாகம் முடிவு செய்தது என்றேன். "நிர்வாகம் எதைப் பார்த்து முடிவு செய்தது?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அதை அப்படியே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் சுற்றி வளைத்தேன். பின்வரிசையிலிருந்து இன்னொருவர், பக்கத்திலிருந்து மூன்றாமவர், பிறகு அவர்களுக்குள்ளேயே விவாதம். 50 நிமிடம் அந்த ஸ்லைடிலேயே போனது. முடிவுகள் 21ஆம் ஸ்லைடில் இருந்தன. அதை யாரும் பார்க்கவே இல்லை.

இரண்டு வருட உழைப்பு. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். என் பேப்பரில்தான் குறையா, இல்லை செமினார் என்றாலே இப்படித்தானா? அடுத்த முறை எப்படித் தயாராவது? அனுபவம் உள்ளவர்கள் மனம்விட்டுச் சொல்லுங்கள்.

---

கரும்பலகை (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

அம்மா, முதலில் ஒன்று. அந்த 50 நிமிடத்தை வீண் என்று நினைக்காதீர்கள். 21ஆம் ஸ்லைடுக்குப் போயிருந்தால் எல்லோரும் தலையாட்டிவிட்டுக் கலைந்திருப்பார்கள். இதே கேள்வி இரண்டு வருடம் கழித்து, பேப்பரை மதிப்பிடும் ஓர் இதழ் நடுவரின் கடிதத்தில் வந்திருக்கும்.

அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1978ல் ஆர்லி ஆஷன்ஃபெல்டர் அமெரிக்கத் தொழிற்பயிற்சித் திட்டங்களில் சேர்ந்தவர்களின் வருமானத்தைப் பார்த்தார். பயிற்சிக்குப் பிறகு வருமானம் ஏறியிருந்தது. பயிற்சிக்குச் சற்று முன்னால் அதே ஆட்களின் வருமானம் இறங்கியும் இருந்தது. காரணம் எளிது. வேலை போனவர்கள், கூலி குறைந்தவர்கள்தான் பயிற்சிக்கு வருவார்கள். அவர்களில் பலர் பயிற்சி இல்லாவிட்டாலும் மெல்லப் பழைய நிலைக்கு ஏறியிருப்பார்கள். அந்தப் பள்ளத்தின் அடியை வைத்து அளந்தால், தானாக ஏறியதெல்லாம் பயிற்சியின் கணக்கில் சேர்ந்துவிடும். அதை இன்றும் ஆஷன்ஃபெல்டர் பள்ளம் என்றே சொல்கிறோம்.

இப்போது உங்கள் கிளினிக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளினிக்கில் திடீரென ஆள் வராமல் போவது அதிகரித்தது, நிர்வாகம் கவலைப்பட்டது, முதலில் அங்கே குறுஞ்செய்தி தொடங்கியது என்று வையுங்கள். அந்த மோசமான மாதங்கள் தற்செயலாக வந்தவை என்றால் அடுத்த மாதங்களில் வருகை எப்படியும் பழைய நிலைக்குத் திரும்பும். உங்கள் அட்டவணை அதைக் குறுஞ்செய்தியின் பலன் என்று காட்டும். முன்வரிசைக்காரர் கேட்டது அதைத்தான்.

1986ல் ராபர்ட் லாலொண்ட் இதைக் கண்கூடாகவே காட்டினார். அமெரிக்காவில் ஒரு வேலைத் திட்டத்தில் ஆட்களைக் குலுக்கல் முறையில் சேர்த்திருந்தார்கள். அதனால் உண்மையான பலன் எவ்வளவு என்று தெரியும். அவர் குலுக்கலில் வந்த ஒப்பீட்டுக் குழுவை எடுத்துவிட்டு, பொது ஆய்வுகளிலிருந்து ஆட்களைப் பொறுக்கி வைத்து, அந்தக் காலத்தில் வழக்கத்தில் இருந்த முறைகளால் அதே பலனைக் கணக்கிட்டார். விடைகள் எங்கெங்கோ போயின, சிலவற்றில் பிளஸ் மைனஸாகவே மாறியது. யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் பாதிப் பேப்பர் இருக்கிறது என்று எங்கள் தலைமுறை உணர்ந்தது அந்தக் கட்டுரையைப் படித்துத்தான்.

ஆகவே நிர்வாகத்தில் யாரையாவது பிடித்து நேரடியாகக் கேளுங்கள். டேட்டாவில் இதற்கு விடை இருக்காது.

---

எதிர்க்காற்று

கரும்பலகை ஐயா சொன்ன பொருளாதாரம் முழுக்கச் சரி. ஆனால் தோழி இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். "செமினார் என்றாலே இப்படித்தானா" என்ற இரண்டாவதை அப்படியே விட்டுவிடக் கூடாது.

ஒரு நல்ல கேள்விக்கு 2 நிமிடம் போதும். மீதி 48 நிமிடம் என்ன நடந்தது? அவரே எழுதியிருக்கிறார், அவர்களுக்குள்ளேயே விவாதம் என்று. பேச வந்தவர் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார். கேட்டவர்களுக்கு அது விருந்து. பேசியவர் படிக்கட்டில் உட்கார்ந்தார்.

இது வெறும் மனக்குறை இல்லை, அளந்து பார்த்திருக்கிறார்கள். பாஸ்கலின் டூபா, அலிசியா சாசர் மொடஸ்டினோ, மியூரியல் நீடர்லே, ஜஸ்டின் வுல்ஃபர்ஸ் ஆகியோர் ஒரு பெரிய குழுவாகச் சேர்ந்து 2019ல் முன்னணிப் பொருளியல் துறைகளின் செமினார்களில் ஆட்களை உட்காரவைத்து ஒவ்வொரு கேள்வியையும் குறித்தார்கள். 2021ல் வந்த அந்தக் கட்டுரையின்படி, பேசுகிறவர் பெண்ணாக இருந்தால் கேள்விகளின் எண்ணிக்கை கூடுகிறது. அந்தக் கேள்விகள் பாடம் எடுக்கும் தொனியிலோ பகைமையோடோ இருக்கும் வாய்ப்பும் கூடுகிறது. மனித நடத்தையை ஆராய்வது நம் தொழில். நம் அறைக்குள் நடக்கும் நடத்தையை மட்டும் ஆராயாமல் விடுவது என்ன நியாயம்?

என் கோரிக்கை சிறியது. முதல் 10 நிமிடம் யாரும் குறுக்கிடக் கூடாது. கேள்வியும் ஆய்வு முறையும் முடிவும் என்னவென்று ஒருமுறை காதில் விழட்டும். பிறகு கேளுங்கள்.

---

பின்வரிசை

எதிர்க்காற்று சொல்லும் 10 நிமிட விதியை எங்கள் துறையில் கொண்டுவந்தோம். நன்றாகவே நடக்கிறது. பாதிக் கேள்விகள் அந்த 10 நிமிடத்திலேயே தீர்ந்துவிடுகின்றன, ஏனென்றால் அவை "இது பின்னால் வருமா?" வகைக் கேள்விகள். ஒருங்கிணைப்பாளர் கையில் கடிகாரத்தோடு முன்னால் உட்காருவார். ஒரே விஷயத்தில் மூன்றாவது கேள்வி வந்தால், "இதை முடிந்த பிறகு பேசலாம்" என்று அவரே சொல்வார். பேசுகிறவர் தன் வாயால் அதைச் சொல்ல வேண்டிய நிலைமை வரக் கூடாது. இது முக்கியம்.

ஆனால் குறுக்கீடே கூடாது என்று போய்விடாதீர்கள். வேறு துறைகளில் 40 நிமிடம் அமைதியாகப் பேசி, 5 நிமிடம் கேள்வி, கைதட்டல் என்று முடியும் கூட்டங்களிலும் பேசியிருக்கிறேன். திரும்பி வரும்போது கை வெறுமையாக இருந்தது. யாருக்கும் கோபமில்லை, யாருக்கும் அக்கறையும் இல்லை.

---

பழங்கதை

பின்வரிசை சொன்ன அக்கறை பற்றி ஒரு சம்பவம். 1960, சிகாகோ. ரொனால்ட் கோஸ் முந்தைய ஆண்டு வானொலி அலைவரிசை ஒதுக்கீடு பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தார். ஒருவரால் மற்றவருக்கு நேரும் பாதிப்பை வரி போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும் என்ற, பிகூ என்ற பழைய பொருளியலாளரின் கருத்தை அதில் மறுத்திருந்தார். சிகாகோக்காரர்கள் அதைத் தவறு என்றே நினைத்தார்கள். ஏரன் டைரக்டர் வீட்டில் ஒரு மாலை எல்லோரும் கூடினார்கள். மில்டன் ஃப்ரீட்மன், ஜார்ஜ் ஸ்டிக்லர் உட்பட ஏறக்குறைய 20 பேர். ஸ்டிக்லர் பின்னாளில் எழுதியபடி, தொடக்கத்தில் வாக்கு எடுத்தபோது பிகூ பக்கம் 20, கோஸ் பக்கம் கோஸ் மட்டும். இரண்டு மணி நேர வாதத்துக்குப் பிறகு 21 பேரும் கோஸ் பக்கம்.

இந்தக் கதையைச் சொல்லும்போது கோஸின் திறமையைத்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு மற்ற 20 பேர்தான் பெரிதாகத் தெரிகிறார்கள். ஃப்ரீட்மன் அளவுக்கு வாதத்தில் வல்லவர் அந்த அறையிலேயே உட்கார்ந்து, தான் நினைத்தது தவறு என்று அதே இரவில் ஒப்புக்கொண்டார். கேட்பவர் மனம் மாறத் தயாராக வந்தால் எவ்வளவு கடுமையான கேள்வியும் பேசுகிறவரைக் காயப்படுத்தாது. தோழியின் அறையில் 50 நிமிடத்தில் யாராவது ஒருவர் "இல்லை, நான் நினைத்தது சரியில்லை" என்றாரா? அதை வைத்துத்தான் அந்தக் கூட்டத்தை எடைபோடுவேன்.

---

அந்திவெயில்

ஐயா, தோழர்களே, எல்லோருக்கும் நன்றி. இரவு முழுக்க ஆஷன்ஃபெல்டர் கட்டுரையைப் படித்தேன்.

பழங்கதை அவர்களுக்கு: ஒருவர் சொன்னார். பின்வரிசையில் இருந்தவர், முடியும்போது, "நான் முதலில் நினைத்ததைவிட இந்த டேட்டாவில் விஷயம் இருக்கிறது" என்றார். அப்போது அது என் காதில் ஏறவே இல்லை. உங்கள் பதிவைப் படித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஒரு டெக்னிக்கல் சந்தேகம். அன்று ஒருவர், "உங்கள் பழைய கிளினிக்குகளே உங்களுக்கு எதிராக வேலை செய்கின்றன" என்று சொல்லிவிட்டு விளக்காமல் உட்கார்ந்துவிட்டார். அது என்ன?

---

கூட்டல்கழித்தல்

அதை நான் சொல்கிறேன். நானும் இதில் ஒரு வருடம் சிக்கியிருந்தேன். பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு இரண்டே கிளினிக் வைத்துப் போட்டுப் பாருங்கள்.

கிளினிக் ஒன்று ஜனவரியில் தொடங்குகிறது. கிளினிக் இரண்டு ஜூலையில். குறுஞ்செய்தியின் பலன் நாளாக நாளாகக் கூடுகிறது என்று வையுங்கள்: தொடக்கத்தில் 100க்கு 2 பேர் கூடுதலாக வருகிறார்கள், ஆறு மாதம் கழித்து 6 பேர். இரண்டு கிளினிக்கிலும் பலன் நல்லதுதான், எங்கும் கெடுதல் இல்லை.

ஜூலையில் கிளினிக் இரண்டு தொடங்குகிறது, அங்கே வருகை 2 கூடுகிறது. உங்கள் ரிக்ரஷனுக்கு (பலனைக் கணக்கிடும் புள்ளியியல் சமன்பாட்டுக்கு) அந்த நேரத்தில் ஒப்பிட ஒரு கிளினிக் வேண்டும். கையில் இருப்பது கிளினிக் ஒன்று. அதன் நிலை ஜூலையில் மாறவில்லை, எனவே அதைக் கன்ட்ரோல், அதாவது மாற்றம் நடக்காத ஒப்பீட்டுக் கிளினிக், என்று எடுத்துக்கொள்கிறது. ஆனால் அதே காலத்தில் அங்கே வருகை 2லிருந்து 6க்குப் போயிருக்கிறது, அதாவது 4 கூடியிருக்கிறது. கழித்தால்: 2 கழித்தல் 4, மைனஸ் 2. இரண்டு இடத்திலும் வருகையைக் கூட்டிய குறுஞ்செய்தி இந்த ஒப்பீட்டில் குறைத்ததாக வருகிறது.

நீங்கள் ஓட்டிய ரிக்ரஷன் இப்படிப்பட்ட பல ஜோடி ஒப்பீடுகளின் சராசரி. நல்ல ஜோடிகளோடு இந்த மாதிரி ஜோடிகளும் அதில் கலந்திருக்கும். ஆண்ட்ரூ குட்மன்-பேகன் 2021ல் வெளிவந்த கட்டுரையில் இதைப் பிரித்துக் காட்டினார். டி ஷேஸ்மார்டனும் டோட்ஃபையும் 2020ல் காட்டியிருந்தார்கள். அதற்கு முன் பல ஆண்டுகளாக நாம் எல்லோரும் இதைத்தான் யோசிக்காமல் செய்துகொண்டிருந்தோம். தீர்வு கடினமில்லை: ஏற்கெனவே தொடங்கியவற்றைக் கன்ட்ரோலாக வைக்காதீர்கள், இன்னும் தொடங்காதவற்றை மட்டும் வையுங்கள். கேலவேயும் சான்டானாவும் 2021ல் தந்த முறையில் இது ஒழுங்காக அமையும்.

இன்னொன்று. "முன்போக்குகள் இணையாகத்தான் இருக்கின்றன, பாருங்கள்", அதாவது குறுஞ்செய்திக்கு முன் எல்லாக் கிளினிக்கிலும் வருகை ஒரே போக்கில்தான் போனது, என்று ஒரு படம் போட்டுவிட்டுக் கடந்து போகாதீர்கள். 24 கிளினிக்கில் அந்தச் சோதனைக்குப் பலம் குறைவு. சாய்வு இருந்தாலும் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். ஜொனத்தன் ராத் 2022ல் இதைத் தெளிவாக எழுதியிருக்கிறார்.

---

மனக்கணக்கு

நான் நடத்தைப் பொருளியல் பக்கத்திலிருந்து வருகிறேன். இதுவரை எல்லோரும் ஒப்பீட்டைப் பற்றிப் பேசிவிட்டீர்கள். எனக்கு வேறொரு பசி: குறுஞ்செய்தி மனிதனுக்குள் என்ன செய்கிறது? மறந்தவனுக்கு ஞாபகப்படுத்துகிறதா? வராவிட்டால் மரியாதையாக இருக்காது என்று உணரவைக்கிறதா? அல்லது வர முடியாதவன் முன்கூட்டியே ரத்து செய்ய உதவுகிறதா? மூன்றிலும் வருகை விகிதம் ஒரே மாதிரி ஏறும். ஆனால் மூன்றும் மூன்று வேறு பேப்பர்.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் நீசியும் ருஸ்டிகினியும் ஹைஃபாவில் செய்தது. 10 பகல்நேரக் குழந்தைக் காப்பகங்கள், 20 வாரம். பெற்றோர் தாமதமாக வந்து குழந்தையை அழைத்துப்போவது பிரச்சினை. ஐந்தாவது வாரம் 6 காப்பகங்களில் 10 ஷெக்கல் அபராதம் விதித்தார்கள். தாமதம் குறையவில்லை, கூடியது. 17ஆவது வாரம் அபராதத்தை எடுத்தார்கள். அப்போதும் தாமதம் பழைய நிலைக்கு இறங்கவில்லை.

இதை ஒரு செமினாரில் சொல்லிப் பாருங்கள், உடனே மூன்று விளக்கம் வரும். அபராதம் வந்ததும் குற்ற உணர்வு ஒரு கட்டணமாக மாறிவிட்டது என்பது ஒன்று. "இவ்வளவுதான் தண்டனையா, நான் பெரிதாகப் பயந்தேனே" என்று பெற்றோர் தெரிந்துகொண்டார்கள் என்பது இன்னொன்று. மற்ற பெற்றோரும் தாமதமாக வருவதைப் பார்த்துக் கூச்சம் போனது என்பது மூன்றாவது. எடுத்த பிறகும் தாமதம் அப்படியே நின்றது என்ற அந்த ஒரு தகவல் இல்லாவிட்டால் இந்த விவாதமே வளர்ந்திருக்காது. 17ஆவது வாரத்தில் அபராதத்தை எடுத்துப் பார்க்கலாம் என்று திட்டமிட்ட மூளைக்கு என் வணக்கம்.

அந்திவெயில், உங்கள் 24 கிளினிக்கில் எங்காவது குறுஞ்செய்தி நின்றுபோய் மறுபடி தொடங்கியிருக்கிறதா? மென்பொருள் பழுது மாதிரி ஏதாவது? இருந்தால் அதுதான் உங்கள் புதையல்.

---

எதிர்க்காற்று

மனக்கணக்கு, மெக்கானிசம் கேள்வி, அதாவது பலன் எந்த வழியில் வருகிறது என்ற கேள்வி, அழகானது, மறுக்கவில்லை. ஆனால் செமினாரில் அது ஒரு கைத்தடியாகிவிட்டது. எந்தப் பேப்பருக்கும் "மெக்கானிசம் என்ன?" என்று கேட்டுவிடலாம், பேப்பரைப் படித்திருக்கவே வேண்டாம். ஒரு முதலாண்டு மாணவன் தன் பெயர் பதிய வேண்டுமென்று கேட்பதும், நீங்கள் மூன்று விளக்கத்தை எடுத்து வைத்து "உங்கள் டேட்டாவில் இவற்றை எப்படிப் பிரிப்பீர்கள்" என்று கேட்பதும் ஒன்றல்ல. முதல் வகையை ஒருங்கிணைப்பாளர் தடுக்க வேண்டும்.

---

மனக்கணக்கு

ஒப்புக்கொள்கிறேன். நான் எனக்கே வைத்திருக்கும் விதி: மெக்கானிசம் பற்றிக் கேட்டால், போட்டி விளக்கம் ஒன்றையும் அதைச் சோதிக்க வழி ஒன்றையும் சேர்த்துத்தான் கேட்பேன். இரண்டும் இல்லாவிட்டால் வாயைத் திறக்க மாட்டேன்.

---

கரும்பலகை

நல்ல விதி. இதற்கு நியூயார்க் டாக்சி ஓட்டுநர்கள் கதையைச் சேர்க்கிறேன். 1997ல் கேமரர், பாப்காக், லோவன்ஸ்டீன், தேலர் நால்வரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். மணிக்கு அதிகம் கிடைக்கும் நாளில் ஓட்டுநர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போகிறார்கள், அன்றைய இலக்குத் தொகை கிடைத்ததும் நிறுத்திவிடுகிறார்கள் என்றார்கள். கூலி கூடினால் அதிக நேரம் உழைப்பார்கள் என்ற பாடப்புத்தகத்துக்கு நேர் எதிர்.

இதில் ஒரு கணக்குச் சிக்கல் உண்டு. மணிக் கூலி என்பது அன்றைய வருமானத்தை நேரத்தால் வகுத்தது. நேரத்தை யாராவது தவறுதலாகக் கூடுதலாக எழுதிவிட்டால், நேரம் கூடும், அதே எழுத்துப்பிழையால் கூலி குறையும். ஓட்டுநர் இலக்கு வைக்காவிட்டாலும் இரண்டும் எதிர்த்திசையில் போவதாகத் தெரியும். ஆசிரியர்களுக்கே இது தெரியும். அதற்காகத்தான் அதே நாளில் ஓட்டிய மற்ற ஓட்டுநர்களின் கூலியைக் கருவி மாறியாக, அதாவது அந்த எழுத்துப்பிழை தொடாத மாற்று அளவாக, வைத்தார்கள். ஹென்றி ஃபார்பர் விடவில்லை. 2005ல் ஒரு கட்டுரை, 2015ல் 2009 முதல் 2013 வரையிலான நகரத்தின் டாக்சிப் பயணப் பதிவுகளை வைத்து இன்னொன்று. கூலி கூடினால் பொதுவாக நேரமும் கூடுகிறது, இலக்கின் பங்கு சிறியது என்றார்.

ஒரு கேள்வியை 18 வருடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் வெறுப்பு இல்லை. இன்றும் இரண்டு பக்கத்துக் கட்டுரைகளையும் சேர்த்துத்தான் வகுப்பில் படிக்கிறார்கள்.

---

திறந்தகோப்பு

எல்லோரும் செமினாரைப் பெரிதாக நம்புகிறீர்கள். அதன் எல்லையையும் சொல்ல வேண்டும்.

படிவத்தின் மேலே கையெழுத்து வாங்கினால் ஆட்கள் உண்மை சொல்வார்கள் என்று 2012ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை வந்தது. உலகம் முழுக்கப் பேசினார்கள். 2020ல் அதே ஆசிரியர்கள் மறுபடி செய்து பார்த்தபோது பலன் வரவில்லை. 2021ல் டேட்டா கொலாடா என்ற வலைப்பதிவில் மூலத் தரவைத் திறந்து பார்த்தார்கள். அதில் கார் காப்பீட்டு வாடிக்கையாளர்கள் படிவத்தில் எழுதியதாகச் சொல்லப்பட்ட, கார்கள் ஓடிய மைல்கள் 0 முதல் 50,000 வரை ஏறக்குறைய ஒரே சீராகப் பரவியிருந்தன. உண்மையான மனிதர்கள் அப்படி ஓட்டுவதில்லை. நடுவில் குவிந்து இரண்டு ஓரங்களில் குறைய வேண்டும். அந்த ஆண்டே கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

அதில் எத்தனை புத்திசாலிக் கேள்வி கேட்டிருந்தாலும் ஸ்லைடைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்க முடியாது. தேவைப்பட்டது ஒரே ஒரு ஹிஸ்டோகிராம், எந்த அளவில் எத்தனை பேர் என்று காட்டும் பட்டைப் படம். ஆகவே என் வேண்டுகோள்: மூன்றாவது ஸ்லைடில் கிளினிக் பட்டியல் இருக்கட்டும். நான்காவதில் மூலத் தரவின் படம் போடுங்கள், சராசரி எடுக்காத, ரிக்ரஷன் தொடாத படம். ஒவ்வொரு கிளினிக்குக்கும் மாதாமாதம் வருகை, 24 சிறு கட்டங்கள். ஒரே பார்வையில் அறைக்கு எல்லாம் தெரியும்.

---

பின்வரிசை

திறந்தகோப்பு சொன்ன 24 கட்டத்தை வழிமொழிகிறேன். தயாரிப்பு பற்றி அந்திவெயில் கேட்டதற்கு நான் செய்வதைச் சொல்கிறேன்.

ஒரு நண்பரை மூலையில் உட்காரவைத்து எல்லாக் கேள்வியையும், கேட்டவர் பெயரோடு எழுதச் சொல்லுங்கள். நின்று பேசும்போது எதுவும் மனதில் தங்காது. நீங்கள் பின்வரிசைக்காரரின் வார்த்தையை மறந்தது போலத்தான் எல்லோருக்கும் நடக்கும். தெரியாததற்குத் "தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறேன்" என்று 5 நொடியில் முடியுங்கள். அந்த 50 நிமிடம் நீண்டதற்குச் சுற்றி வளைத்ததும் ஒரு காரணம். வருத்தப்படாதீர்கள், நானும் அப்படித்தான் கற்றேன். 38 ஸ்லைடை 20 ஆக்குங்கள், மீதியைப் பின்னால் வையுங்கள். கேள்வி வரும்போது எடுக்கலாம்.

பிறகு இரண்டு நாளுக்குள் கேள்வி கேட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு மின்னஞ்சல். முன்வரிசைக்காரருக்குக் கண்டிப்பாக.

---

மனக்கணக்கு

ஒன்று விட்டுப்போனது. முடிவைக் காட்டும் முன் அறையில் இருப்பவர்களிடம் கேளுங்கள்: "வருகை எத்தனை சதவீதப் புள்ளி கூடியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்?" ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். டெல்லாவிக்னா, போப், விவால்ட் மூவரும் 2019ல் சயன்ஸ் இதழில் இதைத்தான் கேட்டார்கள்: முடிவு தெரியும் முன் கணிப்புகளைத் திரட்டுங்கள் என்று. பிறகு யாரும் "இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே" என்று சொல்ல முடியாது.

சிறிய எண் வந்தால் மனம் தளரவும் வேண்டாம். டெல்லாவிக்னாவும் லீனோஸும் 2022ல் ஒப்பிட்டார்கள். கல்வி இதழ்களில் வெளியான தூண்டுதல் (கட்டாயப்படுத்தாமல் நினைவூட்டல் மாதிரிச் சிறு மாற்றங்களால் நடத்தையை மாற்றுவது) பரிசோதனைகளில் சராசரிப் பலன் 8.7 சதவீதப் புள்ளி. அமெரிக்காவின் இரண்டு பெரிய தூண்டுதல் அமைப்புகள் நடத்திய 126 பரிசோதனைகளில், 2.3 கோடிப் பேரிடம், சராசரி 1.4 மட்டுமே. சிறிய மாதிரியில் பெரிய எண் வந்தவை மட்டும் அச்சேறியதுதான் இந்த இடைவெளிக்குப் பெரிய காரணம் என்கிறார்கள். எனவே 1.4க்குப் பக்கத்தில் ஒரு எண் வந்தால் நான் அதை அதிகம் நம்புவேன்.

---

அந்திவெயில்

ஆறு வாரம் கழித்து வருகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

நிர்வாகத்தில் அட்டவணை போட்ட அம்மாவைத் தொலைபேசியில் பிடித்தேன். பத்து நிமிடத்தில் எல்லாம் சொல்லிவிட்டார். முதல் கட்டத்தில் வந்த 9 கிளினிக்குகள் முந்தைய மூன்று மாதங்களில் வராதவர்கள் அதிகம் இருந்தவை. அப்படியே கரும்பலகை ஐயா சொன்ன பள்ளம். மீதி 15 கிளினிக்குகளுக்கு அப்படி எந்தக் காரணமும் இல்லை. மென்பொருள் நிறுவனம் கிளினிக்கின் பதிவு எண் வரிசையில் மாதத்துக்கு மூன்றாக இணைத்துக்கொண்டே போயிருக்கிறது.

அந்த 15ஐ மட்டும் வைத்து, இன்னும் தொடங்காதவற்றோடு மட்டும் ஒப்பிட்டேன். பலன் முன்பு வந்ததில் பாதிகூட இல்லை. பிழை வரம்பும் அகலம். ஆனால் இந்த எண்ணை நான் நம்புகிறேன். மனக்கணக்கு அவர்கள் கேட்ட பழுதும் கிடைத்தது: இரண்டு கிளினிக்குகளில் 11 நாள் குறுஞ்செய்தி போகவில்லை, கிளினிக் ஊழியர்களுக்கும் தெரியாது. இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று மறுபடி பேசினேன், மாணவர்களுக்கான சிறு கூட்டம். 18 ஸ்லைடு. நான்காவதில் 24 கட்டங்கள். முன்வரிசைக்காரர் வந்திருந்தார். அவருக்கு முன்பே எழுதியிருந்தேன். கணிப்புச் சீட்டுகளை வாங்கிப் படித்தபோது 3 முதல் 15 வரை இருந்தன, என் எண் எல்லோருடையதையும்விடக் கீழே. கடைசி ஸ்லைடு வரை போனேன்.

முடிந்ததும் அவர் கை தூக்கினார். "பதிவு எண் வரிசை என்றால், பழைய கிளினிக்குகள் முதலில் வந்திருக்குமே? பழைய கிளினிக்குகளில் வயதான நோயாளிகள் அதிகமா?" என்றார்.

தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். பதிவு எண்ணும் தொடங்கிய ஆண்டும் உள்ள பட்டியலை இன்று காலை கேட்டு வாங்கிவிட்டேன். கூட்டல்கழித்தல் அண்ணா, இதை எப்படிச் சேர்ப்பது என்று உங்களிடம் கேட்க வேண்டும்: வயது வாரியாகத் தனித்தனி ஒப்பீடா, இல்லை எடை போட்டா?

---

கூட்டல்கழித்தல்

15 கிளினிக்கை வயது வாரியாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் மிஞ்சுவது மிகச் சிலதான். முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். தொடங்கிய மாதத்தை வரிசையாக எழுதி, பக்கத்தில் ஒவ்வொரு கிளினிக்கின் நோயாளிகளின் சராசரி வயதை எழுதுங்கள். குறுஞ்செய்தி வருவதற்கு முந்தைய ஆண்டின் கணக்கு மட்டும். சாய்வு ஏதும் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு இங்கே போடுங்கள். எடை போடுவதைப் பிறகு பேசலாம்.